பித்தப்பை ஆபரேஷனில் தவறு நடந்தால் என்னென்ன இழப்பீடு கேட்கலாம்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கு 38 வயது. நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன் நடந்தது. கட்டணம் 85,000 ரூபாய். மூன்றாம் நாளிலிருந்து வயிறு உப்பல், காய்ச்சல், கண்ணில் மஞ்சள். ‘வாயுதான், சரியாகிவிடும்’ என்றே சொல்லிவந்தார்கள். 11ஆம் நாள் நீங்களாகவே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன பிறகுதான் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தது. மறு ஆபரேஷனுக்கு 4,10,000, அதன்பின் மருந்து, ஸ்கேன் என்று 46,000 செலவு. வீட்டில் தையல் வேலை செய்து மாதம் 14,000 சம்பாதித்தவர் ஏழு மாதமாக மெஷினில் உட்காரவில்லை. இப்போது முதல் மருத்துவமனை இரண்டு லட்சம் தருவதாகவும் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்னென்ன வகை நஷ்டஈடு உண்டு, போலீஸில் புகார் கொடுக்கலாமா என்பவைதான் நீங்கள் எழுதிய கேள்விகள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது அந்த இரண்டு லட்சம் நியாயமானதா என்பது. மறு ஆபரேஷன் பில்லில் பாதிக்குக்கூட அது வராது. அதனால் கையெழுத்தை இப்போதைக்குப் போடாதீர்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

இழப்பீட்டைப் பேசுவதற்கு முன் ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். சிகிச்சையின் முடிவு மோசமாக இருந்தது என்பதாலேயே அது மருத்துவ அலட்சியம் ஆகிவிடாது. அந்தத் துறையில் சராசரித் திறமையும் கவனமும் உள்ள ஒரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதே அளவுகோல். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலும் அதற்குப் பின்னும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லிவருகிறது. பித்தநாளக் காயம் இந்த ஆபரேஷனில் எல்லோரும் அறிந்த ஒரு சிக்கல். நல்ல கைகளிலும் அபூர்வமாக நேரும். ஆகவே ‘நாளத்தை வெட்டிவிட்டார்கள்’ என்ற ஒற்றை வாதத்தை மட்டும் நம்பினால் வழக்கு ஆட்டம் காணலாம். உங்கள் பக்கம் வலுவாக இருப்பது அதற்குப் பிந்தைய எட்டு நாள். காய்ச்சலும் மஞ்சளும் வயிறு உப்பலும் சேர்ந்து வந்தபோது கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்தார்களா, ஸ்கேன் எடுத்தார்களா, மேல் சிகிச்சைக்கு அனுப்பினார்களா? ஆபரேஷனின் சிக்கல் மன்னிக்கப்படலாம். அது கண்ணெதிரே தெரிந்தும் தேடாமல் இருந்தால் மன்னிப்பது கடினம். மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் இதற்கு மேல் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சொல்கிறவர் இருந்தால் அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அலட்சியம் நிரூபணமாகிறது என்றே வைத்துக்கொண்டு பேசுவோம். நஷ்டஈடு என்பது ஒரு மொத்தத் தொகை என்று நினைத்துத்தான் பலரும் ‘மன உளைச்சலுக்கு 50 லட்சம்’ என்று மனு போடுகிறார்கள், கடைசியில் ஒன்றோ இரண்டோ லட்சத்தோடு திரும்புகிறார்கள். தீர்ப்பு எழுதுகிறவர் தலைப்புத் தலைப்பாகத்தான் கூட்டுவார். ஒவ்வொரு தலைப்பின் பின்னாலும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத தலைப்புக்கு அனுமானமாக ஏதோ ஒரு சிறு தொகை விழும், அல்லது எதுவும் விழாது.

முதல் தலைப்பு, இதுவரை ஆன செலவு. மறு ஆபரேஷன் 4,10,000, அதன்பின் 46,000, ஆக 4,56,000. முதல் ஆபரேஷனின் 85,000ஐயும் திருப்பிக் கேட்கலாம். ஆனால் ‘பித்தப்பையை எப்படியும் எடுத்துத்தானே ஆக வேண்டும், அந்தச் செலவு தவறால் வந்ததல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடும், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அதனால் அதைச் சேவைக் குறைபாட்டுக்கான கட்டணத் திருப்பம் என்று தனி வரியாகக் கேளுங்கள், இழப்போடு சேர்க்காதீர்கள். ஆம்புலன்ஸ், கோயம்புத்தூருக்குப் போய்வந்த வண்டி வாடகை, நீங்கள் தங்கிய அறை, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள் சம்பளம், நீங்கள் விடுப்பு எடுத்து இழந்த கூலி எல்லாம் இங்கேதான் வரும். ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரை அடித்துப்போடும் விஷயம்: மருந்துக்கடை பில்லும் ஸ்கேன் சென்டர் ரசீதும் பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சாகின்றன. ஒரு கோடை பீரோவில் கிடந்தால் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். இன்றே எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, தேதி வரிசையில் அடுக்கி, அசலோடு பின் அடித்து வையுங்கள்.

இரண்டாவது, இனி வரப்போகும் செலவு. இதைத்தான் மக்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள், உங்கள் விஷயத்தில் இதுவே பெரிதாகலாம். வெட்டுப்பட்ட பித்தநாளத்தைக் குடலோடு இணைத்துத் தைத்தால், அந்த இணைப்பு சில வருடங்கள் கழித்தும் சுருங்கக்கூடும். அப்போது மீண்டும் மஞ்சள் காமாலை, காய்ச்சல், சுருங்கிய இடத்தை விரிக்கும் சிகிச்சை, சிலருக்கு மறுபடியும் ஆபரேஷன். சுருங்காவிட்டாலும் வருடக்கணக்கில் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது ஸ்கேனும் தேவை. கோயம்புத்தூர் சர்ஜனிடம் இரண்டு கடிதம் கேளுங்கள். ஒன்றில், வயிற்றைத் திறந்தபோது என்ன பார்த்தார், எந்த இடத்தில் எந்த வகைக் காயம், எவ்வளவு பித்தம் தேங்கியிருந்தது என்பது. மற்றதில், இனி எத்தனை வருடம் என்னென்ன பரிசோதனை, ஏறக்குறைய என்ன செலவு என்பது. யார் தவறு என்று எழுதச் சொல்லாதீர்கள். சக மருத்துவரைக் குற்றம் சொல்லி எழுத யாரும் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் உங்களுக்குத் தேவையான விவரமும் வராமல் போய்விடும்.

எதிர்காலச் செலவை நீதிமன்றங்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு இரண்டு தீர்ப்புகள். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனை வழக்கில், ஆபரேஷனுக்குப் பின் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளைஞருக்கு 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அதில் செவிலியர் கவனிப்புக்கு மாதம் 4,000 வீதம் 30 வருடத்துக்கு 14,40,000, பிசியோதெரபிக்கு மாதம் 3,000 வீதம் 30 வருடத்துக்கு 10,80,000 என்று மாதக் கணக்காகவே போட்டார்கள். இன்னொன்று நம் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தையின் வழக்கு. குறைமாதக் குழந்தைக்குச் சில வாரங்களுக்குள் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனையைச் செய்யச் சொல்லவில்லை, பார்வை போய்விட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே ஆன செலவுக்கு 42,87,921 ரூபாயும், வருங்காலச் செலவுக்கு 1,38,00,000 ரூபாயும் கொடுத்தது. இன்றைய பணத்தின் மதிப்பு நாளைக்கு இருக்காது என்று விலைவாசி உயர்வையும் கணக்கில் சேர்த்தது அந்தத் தீர்ப்பின் சிறப்பு.

மூன்றாவது, வருமான இழப்பு. ஏழு மாதம், மாதம் 14,000 என்றால் 98,000. இது நடந்து முடிந்த இழப்பு. இனி அவர் முன்போல் நாள் முழுக்கக் குனிந்து தைக்க முடியாது என்றால் சம்பாதிக்கும் திறன் இழப்பு தனி. இங்கே ஒரு குழப்பம் உண்டு. மெடிக்கல் போர்டு தரும் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்தே காட்டியது. அவர் செய்யும் தொழிலுக்கு அந்தக் குறை எவ்வளவு இடைஞ்சல் என்பதே கேள்வி. வாகன விபத்து வழக்குகளின் வாய்பாட்டை வைத்துப் பார்த்தால், வருட வருமானம் 1,68,000. சொந்தத் தொழில், 40 வயதுக்குள் என்பதால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 2,35,200. திறன் இழப்பு 20 சதவீதம் என்று நிலைநாட்ட முடிந்தால் 47,040. 36 முதல் 40 வயதுக்குரிய பெருக்கு எண், அதாவது இழப்பை எத்தனை வருடத்துக்குக் கணக்கிடுவது என்பது, 15. ஆக 7,05,600. இது விபத்து வழக்கு வாய்பாடு என்பதை நினைவில் வையுங்கள். மருத்துவ வழக்கில் அதைக் கட்டாயமாகப் பின்பற்றத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சில நுகர்வோர் ஆணையங்கள் அதை வழிகாட்டியாக எடுக்கும், சில தங்கள் மதிப்பீட்டில் ஒரு தொகை போடும். தீர்ப்புகள் ஒரே சீராக இல்லாத இடம் இது. எப்படியானாலும் கணக்குப் போட்டுக் கொடுத்த மனுவுக்கும் போடாத மனுவுக்கும் வித்தியாசம் தெரியும்.

தையல் வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். ஆர்டர் எழுதும் நோட்டுப் புத்தகம், ஜீபே வரவுகள், மெஷின் வாங்கிய கடன் தவணை, வாடிக்கையாளர் இரண்டு பேரின் பிரமாணப் பத்திரம் போதும். வருமானவரி கட்டவில்லையே என்று ஒதுங்கிவிடாதீர்கள். வருமானமே இல்லாத இல்லத்தரசியின் வீட்டு உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று 2001இலும் 2010இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் தைத்ததோடு சமைத்தார், துவைத்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அதையும் மனுவில் எழுதுங்கள்.

நான்காவதாக வருவது பணத்தால் அளக்க முடியாதவை: வலி, வேதனை, வாழ்க்கையின் சந்தோஷங்களை இழந்தது, வயிற்றில் நீளமான தழும்பு, குடும்பத்தின் மன உளைச்சல். நோயாளிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் தனியாக உண்டு. 1998இல் ஒரு டெல்லிக் குழந்தையின் வழக்கில் குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோரின் வேதனைக்கு 5 லட்சமும் தனித்தனியே கொடுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் இந்தத் தலைப்பில் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். மருத்துவ அலட்சியத்தால் மனைவியை இழந்த குணால் சாஹாவின், பலரும் அறிந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் கிடைத்த 6,08,00,550 ரூபாயைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதைப் பிரித்துப் பாருங்கள்: இறந்தவரின் வருமான இழப்பு 5,72,00,550, சிகிச்சைச் செலவு 7 லட்சம், பயணமும் தங்கலும் 6.5 லட்சம், வழக்குச் செலவு 11.5 லட்சம், வலி வேதனைக்கு 10 லட்சம், கணவர் துணையை இழந்ததற்கு ஒரு லட்சம். மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அமெரிக்காவில் அவருக்கு இருந்திருக்கக்கூடிய வருமானம். அதைக் காட்டி ‘நமக்கும் கோடி வரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தையும் பார்த்துவிடுங்கள். பித்தநாளக் காயம் நேரலாம் என்று சொன்னார்களா, திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்று சொன்னார்களா, அல்லது வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களா? சரியான ஒப்புதல் பெறாததே தனித் தவறு. ஆனால் அதற்கு மட்டும் கிடைக்கும் தொகை சிறிதாக இருக்கலாம். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணின் கர்ப்பப்பையையே எடுத்த வழக்கில்கூட 2008இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது 25,000 ரூபாயும் மருத்துவருக்குக் கட்டணம் இல்லை என்ற உத்தரவும்தான். தண்டனைத் தன்மையுள்ள நஷ்டஈடு வழங்கவும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இடம் தருகிறது. அது அபூர்வம். கேஸ் ஷீட்டைத் திருத்தினார்கள், மறைத்தார்கள் என்று காட்ட முடிந்தால் கேட்டுப் பார்க்கலாம். இவற்றோடு மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் வழக்குச் செலவும் கேட்க மறக்காதீர்கள். வழக்கு வருடக்கணக்கில் நடப்பதால் வட்டி சின்னத் தொகையாக இருக்காது.

எங்கே போவது என்றால், உங்களுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பானது. புதிய சட்டத்தில் மருத்துவர்கள் விலக்கப்பட்டுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, அது தவறு. 2022இல் உச்ச நீதிமன்றமே அதை முடித்துவைத்துவிட்டது. இன்று எந்த ஆணையம் என்ற எல்லை நீங்கள் கேட்கும் தொகையை வைத்து முடிவாவதில்லை, நீங்கள் கட்டிய கட்டணத்தை வைத்து. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். நீங்கள் கட்டியது 85,000. ஆகவே 15 லட்சமோ 20 லட்சமோ கேட்டாலும் மாவட்ட ஆணையமே, கட்டணம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்கான கட்டணமும் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மருத்துவமனை, ஆபரேஷன் செய்த மருத்துவர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். மருத்துவருக்குத் தொழில்முறைக் காப்பீடு இருப்பது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும்.

காலக்கெடு இரண்டு வருடம். இதில் யாரும் சலுகையை எதிர்பார்த்து உட்காரக் கூடாது. பித்தப்பை ஆபரேஷனில் வயிற்றுக்குள் பஞ்சுத் துணி விடப்பட்ட ஒரு வழக்கு உண்டு. வருடக்கணக்கில் வலியோடு இருந்தவர், பின்னால் துணி கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கெடுக்கச் சொன்னார். வலி இருந்தபோதே காரணத்தைத் தேடியிருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் காலம் கடந்தது என்று தள்ளிவிட்டது. மருத்துவமனையோடு பேச்சுவார்த்தை நடப்பதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதும் கெடுவை நிறுத்தாது. தாமதத்தை மன்னிக்க மனு போட வழியுண்டு, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஏழு மாதம் போய்விட்டது.

போலீஸ் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உயிரிழப்பு நேர்ந்தால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவு வரும். நிரூபிக்க வேண்டியது சாதாரணக் கவனக்குறைவை அல்ல, மிக மோசமான அலட்சியத்தை. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் மருத்துவரின் பதிவின் மேல் நடவடிக்கை வரலாம், பணம் வராது. இரண்டுமே இழப்பீட்டுக்கான வழியல்ல. சிவில் நீதிமன்றம் இழப்பீடு தரும், ஆனால் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே சிவில் வழக்கு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் சேர்ந்திருக்கும் மருத்துவமனை என்றால் இலவச நோயாளியும் நுகர்வோரே. இஎஸ்ஐ மருத்துவமனையும் உள்ளே வரும் என்று 2007இல் தீர்ப்பு இருக்கிறது, திருப்பூர், கோவைத் தொழிலாளர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. காப்பீட்டு நிறுவனம் கட்டணம் கட்டினாலும் அது இலவசச் சேவை ஆகாது என்று சாந்தா வழக்கிலேயே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளலாம், மருத்துவமனை எதிர்த்து வாதாடத்தான் செய்யும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே முதல் மருத்துவமனைக்குக் கேஸ் ஷீட் முழு நகல் கேட்டுப் ஸ்பீடு போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு கடிதம் அனுப்புங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று வருடம் பாதுகாக்கவும் வேண்டும். ‘டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்துவிட்டோமே’ என்பார்கள், அது போதாது. ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம், மருத்துவரின் தினசரிக் குறிப்பு, செவிலியர் சார்ட், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆபரேஷன் வீடியோ இருந்தால் அதுவும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கைக்கு வந்ததும் செவிலியர் சார்ட்டை முதலில் திறங்கள். வயிற்றில் தேங்குவதை வெளியேற்றும் டிரெயின் டியூப் வைத்திருந்தால் ஒவ்வொரு நாளும் எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம் என்று ஒரு கட்டத்தில் எழுதியிருப்பார்கள். அங்கே நான்காம் நாள், ஐந்தாம் நாள் பச்சையாகப் பித்தம் வந்ததாக இருந்து, அதே தேதியில் மருத்துவர் குறிப்பில் ‘நலமாக இருக்கிறார்’ என்று இருந்தால், உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த இரண்டு தாள்கள். அப்படிப்பட்ட நிலையில் எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் சொன்னது உங்களுக்கு உதவும். இருந்தாலும் பித்தநாளம் போன்ற நுணுக்கமான விஷயத்தில் ஒரு கேஸ்ட்ரோ சர்ஜனின், அதாவது குடல், கல்லீரல் அறுவை நிபுணரின் எழுத்துபூர்வக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வழக்கு நீளும், மாவட்ட ஆணையத்தில் ஜெயித்தாலும் அவர்கள் பாதித் தொகையைக் கட்டிவிட்டு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். மனு போட்ட பிறகு ஆணையத்தின் மூலமே சமரச மையத்துக்குப் போகவும் சட்டத்தில் வழியுண்டு. அங்கே பேசும்போது மேலே சொன்ன கணக்கு உங்கள் கையில் இருக்கும்: ஆன செலவு 4,56,000, போன வருமானம் 98,000, இவை மட்டுமே 5,54,000, எதிர்காலம் அதற்கு மேல். இப்போதே பணம் அவசரமாகத் தேவைப்பட்டு இரண்டு லட்சத்தை வாங்கத்தான் வேண்டுமென்றால், பத்திரத்தில் ‘முழுமையான இறுதித் தீர்வு’, ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற சொற்கள் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். இருந்தால் அவற்றை அடித்துவிட்டு, ‘மேற்கொண்டு இழப்பீடு கோரும் உரிமைக்குப் பாதகமின்றி, மறு சிகிச்சைச் செலவின் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பத்திரத்தின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு வக்கீலிடம் காட்டுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் நோயாளியான உங்கள் மனைவி என்பதால், அவர் வீட்டில் தனியாக இருக்கும்போது யாராவது தாளோடு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இன்றே அவரிடம் சொல்லிவையுங்கள்.